கிளட்ச் பிளேட் போயிருச்சு சார்!

எந்த ஒர்க் ஷாப்புக்கு வேணும்னாலும் போங்க. "அண்ணே, கியர் சரியா விழ மாட்டேங்குது"ன்னு ஒரே ஒரு வரி சொல்லிப் பாருங்க. அவர் வண்டிக்குள்ள உட்கார மாட்டார். பானெட்டைத் திறக்க மாட்டார். கையை வேஸ்ட் துணியில துடைச்சுக்கிட்டே பதில் வரும்: "கிளட்ச் பிளேட் போயிருச்சு சார், செட்டா மாத்திருவோம்." காய்ச்சல்னா ஊசி, கியர் விழலைன்னா கிளட்ச் பிளேட்!

இந்த ஒரு வரிக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை தண்டம் அழுதிருக்கேன். ரெண்டாவது தடவை அழப் போய், கடைசி நேரத்துல தப்பிச்சேன். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் வயித்தெரிச்சலோடதான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

முதல்ல தண்டம் அழுத கதை. சென்னைக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம், பத்து வருஷப் பழைய கார் ஒண்ணு வாங்கினேன். எந்த கம்பெனி, எந்த மாடல்ங்கிறது இங்க வேண்டாம். ஒரு நாள் திடீர்னு முதல் கியரும் ரெண்டாவது கியரும் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. மூணும் நாலும் ஒழுங்கா விழும். நியூட்ரல்ல வச்சா கியர் ராடு சாம்பார் அண்டாவுல போட்ட கரண்டி மாதிரி இங்கயும் அங்கயும் ஆடும். ஒர்க் ஷாப்ல மேலே சொன்ன அதே வரி. ரெண்டு நாள், 9,200 ரூபாய். வண்டியை எடுத்தா கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கு. முதல் கியர் மட்டும் இன்னும் விழலை. கேட்டா, "புது செட்டு சார், ஓட ஓட சரியாயிரும்." ஓடுச்சு. சரியாகலை.

ஒரு மாசம் கழிச்சு, எங்க அபார்ட்மென்ட் வாசல்ல கால் டாக்ஸி நிறுத்துற ஒரு அண்ணன் ராடைப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "தம்பி, லிங்கேஜ் புஷ் தேஞ்சிருக்கு. கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னார். புஷ், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னா நான் படிச்சது மெக்கானிக்கல். நாலு வருஷம். பரீட்சையில சிங்கிள் பிளேட் கிளட்ச் படம் வரைஞ்சு, பாகம் குறிச்சு, ஸ்கேல் வச்சு கோடு போட்டு மார்க் வாங்கினவன். அந்தப் படத்தை வச்சு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா 9,200 ரூபாய் மிச்சம். யோசிக்கலை. வெள்ளைச் சட்டை போட்டு ஒர்க் ஷாப்ல நிக்கும்போது படிச்சது எல்லாம் எங்கேதான் போகுமோ!

அன்னைக்கு யோசிக்காததை இப்ப யோசிக்கிறேன், கூடவே வாங்க. என்ஜின் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். சக்கரம் அப்பப்ப நிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் கிளட்ச். என்ஜினோட சுத்துற ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் இறுக்கி அமுக்கி வச்சிருக்கும். நீங்க பெடலை மிதிச்சா கேபிள் ஒரு லீவரை இழுக்கும், லீவர் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் ஸ்பிரிங்கோட விரல்களை அமுக்கும், பிரஷர் பிளேட் பின்வாங்கும், நடுவுல இருக்கிற பிளேட் விடுபடும். அவ்வளவுதான்.

அப்ப இது ரெண்டு விதமாத்தான் கெட முடியும். பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்காம வழுக்குறது ஒண்ணு. விட வேண்டிய நேரத்துல விடாம இழுத்துக்கிட்டே இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டும் நேர் எதிர். பிளேட் தேஞ்சா என்ன ஆகும்? பிடிமானம் போகும், அதாவது வழுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா என்ஜின் கத்தும், வண்டி நகராது. மேடு ஏறும்போது கருகின வாசனை வரும். ஆனா கியர் நல்லா விழும்! கியர் விழாம கர்ர்ருன்னு கத்துதுன்னா, கிளட்ச் விட மாட்டேங்குதுன்னு அர்த்தம், இல்லைன்னா கோளாறு கிளட்சுலயே இல்லை. "கியர் விழலை, அதனால பிளேட் தேஞ்சு போச்சு"ங்கிறது முக்கால்வாசி நேரம் தலைகீழ்த் தீர்ப்பு.

முக்கால்வாசிதான். பிளேட் நெளிஞ்சிருந்தா, அது நகர்ற ஷாஃப்ட்ல துரு ஏறிப் பிடிச்சிருந்தா, பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் விரல் உடைஞ்சிருந்தா கியர் விழாமப் போகலாம். அப்ப கழட்டித்தான் ஆகணும். ஆனா அது கடைசியா வர வேண்டிய சந்தேகம். நம்மாளுங்க அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. சர்வர் ஸ்லோன்னு டிக்கெட் வந்ததும், லாக் கூடப் பார்க்காம ஓ.எஸ்ஸை அழிச்சுப் போடுறவனை நம்ம டீம்ல எத்தனை நாள் வச்சிருப்போம்?

இப்ப ரெண்டாவது கதை. இதுக்காகத்தான் பதிவே.

கோவில்பட்டியில எங்க வீட்டு வாசல்ல 2003 மாடல் மாருதி 800 ஒண்ணு நிக்குது. 796 சி.சி., மூணு சிலிண்டர், நாலே கியர். நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது அப்பா வாங்கினது. 15 வருஷம் முடிஞ்சு 2018-ல ஒரு தடவை, அப்புறம் 2023-ல 5,000 ரூபாய் கட்டி இன்னொரு தடவை பதிவைப் புதுப்பிச்சாச்சு. அந்த மாடலையே 2014-ல நிறுத்திட்டாங்க. அப்பா நிறுத்தலை. மாசாமாசம் கிருத்திகைக்கு அம்மாவை உட்கார வச்சுக்கிட்டு கழுகுமலை போயிட்டு வருவார். போன வருஷம் திடீர்னு அது நின்னுபோச்சு. போன்ல கேட்டா, "முட்டு வலிக்குல. வயசாயிட்டுல்லா"ன்னார். அவருக்கு 64. சரி, வயசுதான்னு நானும் விட்டுட்டேன். அம்மா பஸ்ல போக ஆரம்பிச்சாங்க.

நடுவுல அப்பா வண்டியை ஒரு ஒர்க் ஷாப்ல காட்டியிருக்கார். பெடல் கல்லு மாதிரி இருக்கு, ரிவர்ஸ் போட்டா கத்துது, முதல் கியர் கெஞ்சினாத்தான் விழுது. தீர்ப்பு என்னன்னு உங்களுக்கே தெரியும். 7,500 ரூபாய். இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு இவ்வளவா, அதான் மூட்டும் போச்சேன்னு அவரும் யோசிச்சு, புரோக்கர்கிட்டச் சொல்லி வச்சிட்டார். புரோக்கர் 30,000-க்குக் கேட்டிருக்கார். என்கிட்டக் கேட்டப்ப நான் சொன்ன பதில் இப்பவும் காதுல ஒலிக்குது: "வித்துருங்கப்பா, அது ஓடுன வரைக்கும் போதும்." ஆணி பிடுங்குற மும்முரத்துல, மீட்டிங்குக்கு நடுவுல, ரெண்டே விநாடியில சொன்ன பதில்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். கிளட்சை மிதிச்சேன். என் காலே வலிச்சது! ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போகாத காலுதான், இருந்தாலும் வயசு இருபத்தெட்டு. அப்பத்தான் உறைச்சது. உள்ளே போய்க் கேட்டேன், "எந்த முட்டுப்பா வலிக்கு?" "இடது." "வலது?" "அது ஒண்ணும் செய்யலையே."

தைலம் தடவின அம்மா கேட்கலை, மாத்திரை எழுதின டாக்டர் கேட்கலை, போன்ல பேசின நானும் கேட்கலை. வயசானா ரெண்டு முட்டுக்கும்தானே ஆகணும்?

வாசல்லயே ஆரம்பிச்சேன். முதல்ல பெடலுக்குக் கீழே குனிஞ்சு மிதியடியைப் பார்த்தேன். சிரிக்காதீங்க, மிதியடி சுருண்டு பெடலுக்கு அடியில போய், பெடல் முழுசா கீழே இறங்காம கியர் விழாமப் போற வண்டிகள் உண்டு. எங்களுது ஒழுங்கா இருந்தது. அடுத்து என்ஜினை ஆஃப் பண்ணிட்டு நாலு கியரும் போட்டுப் பார்த்தேன். வாழைப்பழத்துல ஊசி மாதிரி இறங்குது. என்ஜினை ஸ்டார்ட் பண்ணினா முதல் கியர் முறுக்குது. இந்த ஒரு வித்தியாசம் போதும், பாதி வழக்கு முடிஞ்சது. என்ஜின் ஆஃப்ல இருக்கும்போதும் கியர் விழலைன்னா கோளாறு ராடு, புஷ், கியர் பாக்ஸ் பக்கம் (நின்ன வண்டியில ஒரு கியர் மட்டும் மறுத்தா, வண்டியை லேசா முன்னப் பின்ன தள்ளிட்டு மறுபடி போட்டுப் பாருங்க, பல்லு நேரா வந்ததும் விழுந்துரும்). ஆஃப்ல விழுந்து ஆன்ல விழலைன்னா, கிளட்ச் விடலை. என்னோட 9,200 ரூபாய்க் காரை இப்படி ஒரு நிமிஷம் பார்த்திருந்தா... சரி விடுங்க.

அடுத்தது ரிவர்ஸ். பழைய வண்டிகள்ல ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ கிடையாது, அதனால அது பொய் சொல்லாத சாட்சி. என்ஜின் ஐடில்ல ஓடட்டும். கிளட்சை முழுசா மிதிச்சு மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடணும். எண்ணாம உடனே போட்டா நல்ல வண்டியும் கத்தும், உள்ளே ஷாஃப்ட் சுத்தி அடங்கக் கொஞ்ச நேரம் வேணும். அஞ்சு எண்ணின பிறகும் கத்தினா ஷாஃப்ட்டை யாரோ இன்னும் சுத்திக்கிட்டே இருக்காங்க. நான் பத்து எண்ணினேன். கர்ர்ர்ர். பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சு உட்கார்ந்துச்சு.

கிளட்ச் விடலை, சரி. ஏன் விடலை? இங்கதான் அந்த ஒர்க் ஷாப் மேல எனக்குக் கோபம் வந்தது. பெடலை மிதிக்கும்போது முதல் கொஞ்ச தூரம் சும்மா போகணும், அப்புறம்தான் கனம் தெரியணும். அந்தச் சும்மா தூரத்துக்கு ஃப்ரீ பிளே. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும். கேபிள் கிளட்ச்ல பிளேட் தேயத் தேய இந்த ஃப்ரீ பிளே குறையும். ஸ்பிரிங்கோட விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வந்துக்கிட்டே இருக்கும், அதனால. பெடலை விடும்போது வண்டி பிடிக்கிற இடமும் மேலே ஏறிக்கிட்டே போகும். கேபிள் நீண்டா? ஃப்ரீ பிளே கூடும், பிடிக்கிற இடம் கீழே இறங்கும். ரெண்டும் எதிரெதிர்த் திசை! அப்பாவோட வண்டியில பெடலைத் தரையில இருந்து ஒரு அங்குலம் விட்டதுமே பிடிக்குது. சும்மா தூரம் பாதிக்கு மேல. பிளேட் தேஞ்சிருந்தா இப்படி இருக்கவே முடியாது. பெடலை ஒரே ஒரு தடவை கையால அமுக்கியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு விஷயம். அந்தச் சும்மா தூரத்துலயே பெடல் கரகரன்னு கனமா இருந்தது. அந்த இடத்துல ஸ்பிரிங்கையே இன்னும் தொடலையே, கனம் எங்கிருந்து வருது? பானெட்டைத் திறந்து, கேபிளோட அடி முனையை லீவர்ல இருந்து கழட்டி விட்டேன். இப்ப பெடலுக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே கிடையாது, காத்தைத்தான் மிதிக்கணும். மிதிச்சேன். அப்பவும் கனம்!

கேபிளை உருவி எடுத்தப்ப முனையில பாதி இழை அறுந்து தென்னந்துடைப்பம் மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. அறுந்த இழை உறைக்குள்ள கீறிக்கிட்டே போய் வந்திருக்கு. மிச்ச இழை எல்லா பாரத்தையும் தாங்கி நீண்டுக்கிட்டே இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கழுகுமலை ரோட்டுல, அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது, மொத்தமா அறுந்திருக்கும். அதை நினைச்சாத்தான் இன்னும் கொஞ்சம் நடுங்குது.

புதுக் கேபிள் 420 ரூபாய். வேலை ரெண்டரை மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் கீழே விழுந்த நட்டைத் தேடினது :) விரல் முட்டி ரெண்டு உரிஞ்சது. ஃப்ரீ பிளேயை நட்டைத் திருகி சரி பண்ணிட்டு, அஞ்சு எண்ணி ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை.

ஆனாலும் பிளேட் மேல பழி சொன்னவங்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கணும்ல? காலியா இருந்த ரோட்டுல மூணாவது கியர்ல 40-ல போயிட்டு இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சேன். பிளேட் தேஞ்சிருந்தா என்ஜின் சத்தம் மட்டும் எகிறும், வேகம் ஏறாது. இங்க ரெண்டும் ஒண்ணாவே ஏறிச்சு, எண்ணூறுக்கு உரிய நிதானத்தோட :) பிளேட்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.

எல்லா வண்டிக்கும் கேபிள்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. கிளட்ச் ஆயில்ல வேலை செய்ற வண்டின்னா, பெடலை ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா கியர் விழுதான்னு பாருங்க. விழுந்தா லைன்ல காத்து இருக்கு, இல்லைன்னா சிலிண்டர் ஒழுகுது. ரெண்டாவது கியர் மட்டும் கத்துது, மத்தது எல்லாம் சுத்தம்னா அந்தக் கியரோட சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கும், கிளட்ச் செட் மாத்தினாலும் கத்தும். காலையில முதல் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் கியர் முரண்டு பிடிக்குதுன்னா, கியர் ஆயிலை எப்ப மாத்தினீங்கன்னு யோசிங்க. நிறைய பேருக்கு கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்குங்கிறதே தெரியாது (எங்களுக்கு 75 டபிள்யூ 90, ஜி.எல்-4). சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. கிளட்சை மிதிச்சா வர்ற சத்தம் ரிலீஸ் பேரிங். நியூட்ரல்ல வந்துக்கிட்டே இருந்து மிதிச்சா நிக்கிற சத்தம் கியர் பாக்ஸ் பேரிங். வண்டி கிளம்பும்போது மட்டும் உடம்பெல்லாம் உதறினா, என்ஜின் மவுண்டைப் பார்க்காம பிளேட்டைத் தொட விடாதீங்க.

இவ்வளவு சொன்னதால மெக்கானிக் எல்லாரும் திருடனுங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. இந்த மாதிரி வண்டியில பிளேட்டைக் கண்ணால பார்க்கணும்னாலே டிரைவ் ஷாஃப்ட்டை உருவி கியர் பாக்ஸை இறக்கணும். அரை நாள் முதுகொடிக்கிற வேலை. இறக்கினதுக்கு அப்புறம் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேர்த்து மாத்துறதுதான் புத்திசாலித்தனம், மறுபடி யார் இறக்குறது? பத்து நிமிஷம் பார்த்துட்டு "கேபிள்தான் சார், 420 ரூபாய்"னு சொல்ற மெக்கானிக்குக்கு நாம என்ன கொடுப்போம்? கேபிள் காசும் மாட்டுற கூலியும். கண்டுபிடிச்சதுக்கு? "ஒரு கேபிள் மாட்ட இவ்வளவா"ன்னு பேரம் பேசுவோம். டெஸ்ட் எடுக்க லேபுக்குக் காசு கட்டுவோம், ஒர்க் ஷாப்ல கண்டுபிடிக்கிறது மட்டும் இலவசமா வரணும். பொருளுக்கு மட்டும் காசு கொடுத்தா பொருள்தான் விப்பாங்க.

நாம போய்ச் சொல்ற லட்சணத்தையும் பாருங்க. "கிளட்ச் போச்சுண்ணே, பாருங்க"ன்னு தீர்ப்பை நாமளே எழுதிக் கொண்டு போறோம். இதே யூசர் நம்மகிட்ட வந்து "டேட்டாபேஸ் போச்சு"ன்னு சொன்னா எவ்வளவு கடுப்பாகுறோம்! என்ன பண்ணினீங்க, என்ன ஆச்சு, எப்ப எல்லாம் ஆகுதுன்னு எத்தனை கேள்வி கேட்கிறோம். அதையே அங்க போய்ச் சொல்லுங்க. "என்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் விழுது, ஆன்ல முதலும் ரிவர்ஸும் விழலை, பெடல் கீழேதான் பிடிக்குது." இதைக் கேட்டுட்டு உடனே பிளேட்டுன்னு சொல்ல நல்ல மெக்கானிக்குக்கு வாய் வராது. சொல்றவர்கிட்ட இருந்து சாவியை வாங்கிட்டு வந்துருங்க.

அப்பா அன்னைக்குச் சாயங்காலமே ஓட்டிப் பார்த்தார். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, இறங்காம பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு மிதிச்சுப் பார்த்தார். "ஏல, இது நம்ம வண்டி மாதிரியே இல்லையே"ன்னார். அடுத்த கிருத்திகைக்கு நான் சென்னையில இருந்தேன். பிரசாதம் கொண்டு வந்ததா அம்மா போன்ல சொன்னாங்க. எந்த பஸ்ல போனீங்கன்னு வேணும்னே கேட்டேன். திட்டு விழுந்தது.

பி.கு: முட்டு வலி அடியோட போயிருச்சான்னு கேட்கிறவங்களுக்கு: இல்லை. குறைஞ்சிருக்கு. கொஞ்சம் தேய்மானம் நிஜமாவே இருக்காம், மாத்திரை தொடருது. இடது காலை எப்பவும் கிளட்ச் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டுற பழக்கத்தை மட்டும் விடச் சொன்னேன், பேரிங் சீக்கிரம் போயிரும்னு. "நீ பொறக்கதுக்கு முன்னாடி இருந்து ஓட்டுறேன்"ன்னு பதில் வந்திருச்சு. அந்தக் கேஸை உங்களால ஜெயிக்க முடிஞ்சா சொல்லுங்க.